பந்து வராத பக்கம்: 35 டொலர் கோர்னர்பேக் கையேடு பற்றி

முறிகண்டியில் பஸ் நின்றால் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கச்சான் வாங்காமல் ஏறுகிறவர்கள் குறைவு. வாங்க முதல் குவியலில் ஒன்றை எடுத்து உடைத்து வாயில் போட்டுப் பார்ப்போம். கச்சான்காரி முகம் சுழிக்கமாட்டா. அமெரிக்க ஃபுட்போல் பெடியளை எடைபோடுகிற இந்தக் கையேட்டை விற்கிறவர்களிடம் அந்த வசதி இல்லை, காசைக் கட்டினால்தான் கதவு திறக்கும். 35 கனடா டொலர், எங்கள் காசுக்கு ஏழாயிரத்துச் சொச்சம். கட்டியது ஸ்காபரோவில் இருக்கும் என் தங்கச்சியின் மகன். படித்தது முழுக்க நான். ஆகையால் விமர்சனம் எழுதும் உரிமை எனக்குத்தான்.

நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் படிப்பிக்கிற ரீச்சர். என் பாடு வலைப்பந்தாட்டம். படிக்கிற காலத்தில் ஜீ.டி. (கோல் டிஃபென்ஸ்) விளையாடினேன், அதாவது எதிர்ப் பக்கத்துக் கோல் அட்டாக்கை நிழல்போல ஒட்டிக்கொண்டு திரிகிற வேலை. மகன் அங்கே பள்ளிக்கூட ரீமில் கோர்னர்பேக். ஒருநாள் வட்ஸ்அப்பில் எடுத்து, "பெரியம்மா, நீங்கள் விளையாடினதும் நான் விளையாடுறதும் ஒண்டுதான். ஆளை விடாமப் பிடிக்கிறது. இதைப் படிச்சுப்போட்டு என்ர வீடியோவைப் பாருங்கோ" என்றான். கூடவே கையேட்டின் கடவுச்சொல்லும் வந்தது.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அமெரிக்க ஃபுட்போலில் எறிகிற பந்தைப் பிடிக்க ஓடுகிற ரிசீவர் என்கிறவன் எங்கே ஓடப்போகிறான் என்று அவனுக்கும் பந்து எறிகிற குவாட்டர்பேக்குக்கும் முன்கூட்டியே தெரியும். அவனைப் பிடிக்க நிற்கும் கோர்னர்பேக்குக்கு மட்டும் தெரியாது. அவன் பின்பக்கமாக ஓடத் தொடங்கி, எதிராளியின் இடுப்பைப் பார்த்து ஊகித்து, திரும்பி, கூடவே பறக்க வேண்டும். அந்த வேலைக்கும் மற்ற வேலைகளுக்கும் பல்கலைக்கழகங்களில் இருந்து பெடியளைப் பொறுக்கி எடுக்கிற சந்தைதான், காசுக்கு விளையாடுகிறவர்களின் லீக்கான என்.எஃப்.எல். ஒவ்வொரு ஏப்ரலிலும் நடத்துகிற ட்ராஃப்ட். 32 அணிகள், 7 சுற்று, 3 நாள். யார் நல்ல மாடு, யாருக்குப் பல்லுச் சரியில்லை என்று சந்தைக்கு முன்னமே எழுதி விற்கிறவர்கள் அங்கே ஏராளம். அப்படி ஒரு சின்னக் கடைதான் இதை விற்கிறது. பெயர் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அவர்களின் பிழைப்பில் மண் போட எனக்கு விருப்பமில்லை.

உள்ளே என்ன இருக்கிறது? 2025 ட்ராஃப்டுக்கு வந்த கோர்னர்களுக்கு ஆளுக்கு ஒரு பக்கம். உயரம், நிறை, கை நீளம், 40 யார் ஓடின நேரம், முதல் 10 யாருக்கு எடுத்த நேரம், நின்ற இடத்தில் இருந்து பாய்ந்த உயரம். அதுக்குக் கீழே ஒரு பந்தி எழுத்து. அதுக்கும் கீழே ஒரு புள்ளி, 7.43, 6.91 என்று இரண்டு தசமதானத்துக்கு. எனக்குச் சிரிப்பு வந்தது. சோதினைத் தாளுக்குக்கூட நாங்கள் அப்படிப் போடுவதில்லை. 7.43 பெடியனுக்கும் 7.41 பெடியனுக்கும் என்ன வித்தியாசம் என்று எழுதினவரையே எழுப்பிக் கேட்டாலும் முழிப்பார்.

எழுத்து வேறு விஷயம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து எழுதுகிறார்கள் போல, நடை மாறுகிறது. அதில் ஒருவர் கட்டாயம் விளையாடியவர். அவர் எழுதின பக்கங்களில் வேகத்தைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை, பாதத்தைப் பற்றித்தான் இருக்கிறது. "பின்னுக்கு ஓடும்போது குதி நிலத்தில் படுகிறது, ஆகவே திரும்ப ஒரு அடி வீணாகிறது" என்ற கருத்தில் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தார். இந்த வீண் அடியை நான் இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் களைத்திருக்கிறேன். என்னிடம் அதுக்கு ஒரு சொல் இல்லை, "ஏன் பிள்ளை பிந்துறாய்" என்று கத்துவதுதான்.

அடுத்த நாளே செய்து பார்த்தேன். எங்கள் மைதானம் கிரவல். சித்திரை வெயிலுக்கு முதல், காலமை ஆறரைக்கு, ஒரு மூலைக்குத் தண்ணீர் தெளித்து ஈர்க்குமாற்றால் கூட்டிவிட்டேன். வட்டக்கச்சிப் பக்கமிருந்து சைக்கிளில் வருகிற ஒருத்தி, இந்த வருஷத்து ஜீ.டி., வெறுங்காலோடு பின்பக்கமாக ஐந்து யார் ஓடி, நான் கை காட்டுகிற பக்கம் திரும்பி ஓட வேண்டும். மூன்று தரம் ஓடினாள். பிறகு இரண்டு பேரும் குந்தியிருந்து தடத்தைப் பார்த்தோம். பின்னோட்டத்தில் பெருவிரலும் பாதத்தின் முன்பக்கமும் மட்டும் பதிந்திருந்தன, அது சரி. திரும்புகிற இடத்தில் மட்டும் வலது குதி ஒரு குழி தோண்டியிருந்தது. அதுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அரைத் தடம், எங்கும் போகாத தடம். "மிஸ், இது யாற்ற கால்?" என்றாள். "உன்ர கால்தான். அந்த ஒரு காலுக்குள்ள அவள் பந்தைப் பிடிச்சிடுவாள்." இடது பக்கம் திரும்பிய தரங்களில் அந்தத் தடம் இல்லை. அவளுக்கு வலது பக்கம்தான் வியாதி. இருபது வருஷத்தில் நான் காணாததை ஒரு அமெரிக்கக் கையேட்டின் ஒரு வரி காட்டித் தந்தது. 35 டொலரில் 20 டொலர் அந்த இடத்தில் கழிந்துவிட்டது.

மிச்சம் 15 டொலருக்கு வருகிறேன்.

பழைய வருஷத்துக் கையேடுகளையும் சேர்த்தே தருகிறார்கள். இது நல்ல பழக்கம். தாங்கள் பிழைவிட்டதை ஒளிக்கவில்லை. கச்சானை உடைத்துப் பார்க்கிற வேலையை நான் இங்கேதான் செய்தேன். 2022ஐ எடுத்தேன், ஏனென்றால் அந்த வருஷம் கோர்னர்கள் கொட்டிக் கிடந்த வருஷம். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டெரெக் ஸ்டிங்லி மூன்றாவதாக ஹூஸ்டனுக்கு, சின்சினாட்டியின் சோஸ் கார்ட்னர் நான்காவதாக நியூயோர்க் ஜெட்ஸுக்கு. இந்த இரண்டு பேரையும் கையேடு உச்சியில்தான் வைத்திருந்தது. அதுக்குப் புத்தி தேவையில்லை. கார்ட்னர் பல்கலைக்கழகத்தில் தன் பக்கத்தால் ஒரு டச்டவுன்கூட, அதாவது பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டி எடுக்கிற புள்ளியை, விடாதவர்.

புத்தி தேவைப்பட்டது கீழே. கலன் பார்ன்ஸ் என்ற பெடியன் அந்த வருஷம் இண்டியானாபொலிஸில் நடந்த பரிசோதனை முகாமில் 40 யாரை 4.23 விநாடியில் ஓடினார். முகாமுக்கு வந்த அத்தனை பேரையும் விட வேகம். கையேட்டில் அந்த எண்ணுக்குத் தடித்த எழுத்து. அணிகள் அவரை ஏழாம் சுற்றில், 242ஆவது ஆளாகத்தான் எடுத்தன. அதே முகாமில் 4.26 ஓடியவர் தாரிக் வூலன், 6 அடி 4 அங்குலம். அவரும் ஐந்தாம் சுற்று வரைக்கும் கிடந்தார், 153ஆவது. ரிசீவராக இருந்து கோர்னராக மாறியவர், வேலை பழகவில்லை என்ற பயம். சியாட்டில் எடுத்தது. முதல் வருஷத்திலேயே 6 பந்துகளை இடைமறித்து லீக்கின் முதலிடத்தைப் பங்குபோட்டார். இதே சியாட்டில் 2011இல் ரிசீவராக இருந்து மாறிய இன்னொருவரை, ரிச்சர்ட் ஷெர்மனை, 154ஆவதாக எடுத்திருந்தது. ஒரே வயலில் இரண்டு முறை புதையல் தோண்டின மாதிரி. ட்ரெண்ட் மக்டஃபியின் கை 30 அங்குலத்துக்கும் குறைவு என்று கையேடு மூன்று இடத்தில் அழுதிருக்கிறது. கான்சஸ் சிட்டி 21ஆவதாக எடுத்தது. 2023இல் அவர் ஓல்-ப்ரோ முதல் அணியில், அதாவது லீக் முழுக்க அந்த வருஷத்துச் சிறந்தவர்களின் பட்டியலில். கை நீளம் பார்ப்பது பிழையில்லை. ரிசீவரை வாசலிலேயே நெஞ்சில் கை வைத்து மறிக்கிற ஆளுக்கு அது உதவும். ஆனால் மூன்று இடத்தில் அழ வேண்டியதில்லை.

இனி என் பெரிய முறைப்பாடு. வூலன் 6 பந்து பிடித்த அதே 2022இல் கார்ட்னர் பிடித்தது 2. வருஷத்தின் சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் விருது கார்ட்னருக்கு, ஓல்-ப்ரோ இடமும் அவருக்கு. இது எனக்கு உடனே விளங்கியது, ஏனென்றால் என்னுடைய மிகச் சிறந்த ஜீ.டி. ஒருத்தியின் ஸ்கோர் ஷீற்றில் எப்போதும் பூச்சியம்தான் இருக்கும். பந்து அவள் பக்கம் வராது. எதிர் ரீமின் சென்டர் அந்தப் பக்கம் ஒருக்கால் பார்ப்பாள், அவளைக் காண்பாள், மற்றப் பக்கம் எறிவாள். பார்க்க வந்த அதிகாரிகள் "இந்தப் பிள்ளை ஒண்டும் செய்யேல்லையே" என்று வேறு ஒருத்தியைத் தெரிவு செய்துகொண்டு போனார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இந்தக் கையேடும் அந்த அதிகாரிகள் மாதிரித்தான். வீடியோத் துண்டுகள் ஆளுக்கு எட்டுப் பத்து இருக்கின்றன. எல்லாமே பந்து வந்த துண்டுகள். பிடித்தார், தட்டினார், அல்லது தோற்றார். பந்து வராத அறுபது தடவையில் அவர் எப்படி நின்றார்? ஏன் வரவில்லை? ஒரு துண்டுகூட இல்லை. காரணத்தை மகன் சொன்னான். ரீவிக் கமரா பந்துக்குப் பின்னால்தான் போகும். ஆட்டம் தொடங்கின முதல் விநாடியிலேயே கோர்னர்பேக் படத்துக்கு வெளியே. 22 பேரும் தெரிகிற மாதிரி மேலே இருந்து எடுக்கிற படம் தனியாக உண்டு, பயிற்றுவிப்பாளர்கள் பார்ப்பது அதைத்தான். பல்கலைக்கழக ஆட்டங்களுக்கு அது வெளியாட்களின் கைக்கு இலேசில் வராது. சரி, கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று முதல் பக்கத்தில் எழுதிவிட வேண்டியதுதானே? பாதிப் படத்தைப் பார்த்துவிட்டு 7.43 என்று புள்ளி போடலாமா?

இன்னொன்று. இதை எங்கள் ஊர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், எனக்கே இது புதுசு. மைதானம் 160 அடி அகலம். பந்தை வைத்து ஆட்டம் தொடங்குகிற இரண்டு கோடுகள் நடுவே இருக்கின்றன. என்.எஃப்.எல்.லில் அவற்றுக்கிடையே பதினெட்டரை அடிதான், ஆகவே பந்து எப்போதும் நடுவுக்குக் கிட்ட. பல்கலைக்கழகத்தில் 40 அடி. பந்து ஒரு கோட்டில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மற்றப் பக்கம் 100 அடி. ஒடுங்கின பக்கத்தில் நிற்கிற கோர்னருக்கு எல்லைக்கோடே ஒரு கூட்டாளி. அகன்ற பக்கத்தில் நிற்கிறவன் வயல் முழுக்கத் தனியாகக் காவல். சில பல்கலைக்கழகங்கள் ஒருவனை எப்போதும் ஒடுங்கின பக்கத்திலும் மற்றவனை அகன்ற பக்கத்திலும் நிறுத்துகின்றன. அப்படியென்றால் அந்த இரண்டு பேரையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியுமா? யார் எந்தப் பக்கம் நின்றார் என்ற ஒரு நிரல், ஒரேயொரு நிரல், இந்தக் கையேட்டில் இல்லை. காதலிக்குப் பிடித்த சாப்பாடு வரைக்கும் சில பக்கங்களில் இருக்கிறது.

கை போடுகிற விஷயமும் அப்படித்தான். பல்கலைக்கழகத்தில் பந்து எறியப்படும் வரைக்கும் ரிசீவரோடு உரசிக்கொண்டு போகலாம். என்.எஃப்.எல்.லில் 5 யாருக்கு அங்கால் தொட்டால் விசில். எறிந்த பந்தைப் பிடிக்க விடாமல் ஆளை இழுத்தால் பல்கலைக்கழகத்தில் அதிகபட்சம் 15 யார் தண்டனை, என்.எஃப்.எல்.லில் குற்றம் நடந்த இடத்திலேயே பந்து. 40 யார் தள்ளி இழுத்தால் 40 யாரும் போச்சு. வலைப்பந்தில் பந்து வைத்திருப்பவளுக்கு மூன்று அடி விட்டு நிற்கப் பழகின எனக்கு இந்த உரசலைப் பார்க்கவே கை பதறுகிறது. கையேட்டின் அந்த விளையாடின மனிசன் இதை நன்றாகக் கவனித்திருக்கிறார். ஒவ்வொருவனும் எத்தனையாவது யாரில் கையை எடுக்கிறான் என்று எழுதியிருக்கிறார். மற்றவர்கள் "போராட்டக் குணம்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள்.

2025 பட்டியல் எப்படி என்று கேட்பீர்கள். கொலராடோவின் டிராவிஸ் ஹன்டர் ரிசீவராகவும் கோர்னராகவும் விளையாடி, பல்கலைக்கழக ஃபுட்போலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியவர். கையேடு அவரை இரண்டு பட்டியலிலும் போட்டு இரண்டு புள்ளி கொடுத்திருந்தது, ஒரே பிள்ளைக்கு இரண்டு றிப்போட். ஜாக்சன்வில் ஐந்தாம் இடத்தில் இருந்து ஏறிவந்து இரண்டாவதாக அவரை எடுத்தது. முழுநேரக் கோர்னர்களில் முதலிடம் மிச்சிகனின் வில் ஜோன்சனுக்கு. எனக்கும் அவரைத்தான் பிடித்தது. உயரமான ஆள் இவ்வளவு அமைதியாக இடுப்பைத் திருப்பி நான் கண்டதில்லை.

ட்ராஃப்ட் எங்கள் நேரத்துக்கு வெள்ளிக்கிழமை காலமை ஐந்தரைக்குத் தொடங்கியது. போனை அரிசிப் பேணியில் சாத்தி வைத்துவிட்டுப் பிட்டு அவித்தேன். மகன் மற்றப் பக்கத்தில். 20ஆவதாக டெக்சாஸின் ஜாடே பாரன் டென்வருக்குப் போனார். 30ஆவதாக, 4.28 ஓடின மக்ஸ்வெல் ஹெயர்ஸ்டன் பஃபலோவுக்கு. ஜோன்சனின் பெயர் வரவேயில்லை. மகன், "பெரியம்மா, முழங்காலாம்" என்றான். அணிகளின் வைத்தியர்கள் பார்த்த முழங்கால் அது, 35 டொலர் கட்டினவனுக்குத் தெரியாது. சனிக்கிழமை நாலரைக்கு எழும்பி மறுபடி பார்த்தோம். 47ஆவதாக அரிசோனா எடுத்தது. இதில் கையேட்டைக் குறை சொல்லமாட்டேன். 2024இல் ஆறே ஆட்டம்தான் விளையாடினார், முகாமில் ஓடவும் இல்லை என்பதை எழுதித்தான் இருந்தார்கள். எழுதிவிட்டு, புள்ளியில் மட்டும் அதை மறந்துவிட்டார்கள்.

சேவை பற்றிக் கொஞ்சம். பி.டி.எஃப். கோப்பு பெரிய பாரம், எங்கள் பக்கத்துச் சிக்னலில் இரண்டு இரவு எடுத்தது, ஒரு டேற்றா காட் முடிந்தது. படமில்லாத இலேசான பதிப்பு ஒன்று கொடுத்தால் புண்ணியம். இன்னொன்று, வருஷம் முடிந்ததும் கேட்காமல் கொள்ளாமல் மகனின் காட்டில் இருந்து மறுபடி 35 டொலர் எடுத்துவிட்டார்கள். அவன் எழுதிக் கேட்க ஒன்பது நாள் கழித்துத் திருப்பிப் போட்டார்கள். திருப்பினது நேர்மைதான். எடுக்க முதல் கேட்டிருந்தால் இன்னும் நேர்மை.

ஐந்துக்கு மூன்றரை போடுவேன். தசமதானம் ஒன்றுதான், கவனியுங்கள். பிள்ளைகளுக்குத் தடுப்பாட்டம் பழக்குகிறவர்கள், எந்த விளையாட்டாக இருந்தாலும், ஒருமுறை வாங்கி அந்தப் பாதம் பற்றின பக்கங்களை எழுதி வைத்துக்கொள்ளலாம். பந்தயம் கட்டுகிற எண்ணத்தில் வாங்குகிறவர்கள் அந்தக் காசுக்குக் கச்சான் வாங்குங்கள்.

மகனின் வீடியோவுக்கு வருகிறேன், தொடங்கினதே அதுக்குத்தானே. அவன் முதலில் அனுப்பியது நாலு நிமிஷத் துண்டு, அவன் பந்தைத் தட்டின இடங்கள் மட்டும் வெட்டி ஒட்டி, பாட்டும் போட்டு. நான் சொன்னேன், "அப்பன், இது எனக்கு வேண்டாம். அம்மாவை மேல் வாங்கில் ஏத்தி, முழு மைதானமும் விழுகிற மாதிரி எடுக்கச் சொல்லு. வெட்டாத."

தங்கச்சி எடுத்து அனுப்பினாள். பதினொரு நிமிஷம். கை நடுங்குகிறது, குளிர் போல. கனடா மைதானம் அமெரிக்காவை விட இன்னும் அகலம், 65 யார், ஆளும் ஒன்று கூட. ஆட்கள் எறும்பு மாதிரித் தெரிகிறார்கள். இடையில் அவளுடைய குரல் கேட்கிறது: "உதுக்குள்ள இவன் எங்க நிக்கிறான் எண்டே தெரியேல்லையடி, பந்து அந்தப் பக்கமெல்லோ போகுது." நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொப்பியில் கோடு போட்டு எண்ணினேன். பதினாலு தடவை பந்து எறிந்தார்கள். அவன் பக்கம் ஒன்று. ஒன்பதாவது தடவையில் குவாட்டர்பேக் அவன் பக்கம் திரும்பி, கையைத் தூக்கி, ஒரு கணம் நின்று, கையை இறக்கி மற்றப் பக்கம் எறிகிறான். அந்த இடத்தை நிற்பாட்டி, இரண்டு விரலால் பெருப்பித்து, அவனுடைய குதியைப் பார்த்தேன். புல் மைதானம், தடம் தெரியவில்லை.